நாற்பத்தொன்றாம் பக்கம்

பாவுமேடு,
நெல்லித்தோப்பு, புதுச்சேரி.
3 பிப்ரவரி 2025

அரிகிருஷ்ணன் அண்ணனுக்கு,

ஜீனத்துன்னிசா எழுதுவது. நலமா என்று கேட்கப்போவதில்லை. தரைத் தளத்தில் வீடு கிடைத்தவருக்கு நலத்தில் என்ன குறை? அமிர்தவல்லி அண்ணியை மட்டும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

போனில் பேச மாட்டேன். உங்கள் நம்பர் இருக்கிறது. ஆனால் பாவுமேட்டில் வாயால் பேசிய எதுவும் இன்றைக்கு நிற்கவில்லை, எழுதியதுதான் நிற்கிறது. நேரிலும் வர மாட்டேன். நீங்கள் இருக்கிற அந்தப் புதுக் குடியிருப்பைச் சும்மா எட்டிப் பார்க்கப் போன நம்ம கண்ணையனைப் போட்டோ எடுத்து, "நேரில் பார்வையிட்டு மனநிறைவு அடைந்தார்" என்று ஃபைலில் வைத்துவிட்டார்கள். தேங்காய்த்திட்டு மீன் ஹார்பரில் ஐஸ் உடைக்கிற ஆள் அவன். போன இடத்தில் தண்ணீர் வருகிறதா என்று பைப்பைத் திறந்து பார்த்தானாம். அதுதான் மனநிறைவு. அதனால்தான் தபால்.

ஜனவரி 27ஆம் தேதி குழாயடித் தூணில் நோட்டீஸ் ஒட்டினார்கள். வாய்க்கால் ஓரத்து அறுபத்துமூன்று வீட்டையும் காலி செய்துகொண்டு, பதினாலு கிலோமீட்டர் தள்ளி, நீங்கள் இருக்கிற அந்த நாலு மாடிக் கட்டடத்துக்கு வர வேண்டுமாம். ஆட்சேபணை இருந்தால் பிப்ரவரி 28க்குள் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். நாங்கள் இருபது பேர் கிளம்பித் திட்ட அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்த சார் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னாம்மா, நீங்களே சம்மதிச்சிக் கையெழுத்துப் போட்டுட்டு நீங்களே சண்டைக்கும் வர்றீங்க?"

எடுத்துக் காட்டினார். செயலாளர் என்று நீங்கள் வைத்திருந்த நம்ம குடியிருப்போர் சங்கத்துத் தீர்மான நோட்டு, பக்கம் நாற்பத்தொன்று. ஜனவரி 12 அன்று பொதுக்கூட்டம் கூடியதாம். குடியிருப்போர் அனைவரும் மாற்று இடம் செல்ல ஏகமனதாகச் சம்மதித்தோமாம். முத்து முத்தான எழுத்து. இருபத்தேழு வருஷமாகப் பார்க்கிறேன், உங்கள் எழுத்து எனக்குத் தெரியாதா? கீழே அறுபத்துமூன்று கையெழுத்து. ஒன்பதாவது என்னுடையது.

ஜனவரி 12 போகிக்கு முந்தின நாள். பாதி வீட்டில் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கே கூடியது கூட்டம், சுண்ணாம்பு வாளிக்குள்ளேயா?

என் கையெழுத்துக்குப் பக்கத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கறை. மிஷின் எண்ணெய். போன ஆகஸ்டில் நான் பள்ளிக்கூடப் பை தைத்துக்கொண்டிருந்தபோது நோட்டை நீட்டினீர்கள். "தெருவிளக்கு மனுவுக்குத்தாம்மா. அப்படியே அஞ்சு பக்கத்துலயும் போட்டுடு, சும்மா சும்மா வந்து உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டேன்" என்றீர்கள். எண்ணெய்க் கையோடு போட்டேன். மேலே ஒரு எழுத்து கிடையாது. இதை அந்த சாரிடம் சொன்னால், "எண்ணெய்க் கறையில தேதி இருக்காம்மா?" என்று கேட்கிறார்.

உங்களால்தான் முடியும் அண்ணே. பக்கம் காலியாக இருந்தபோது கையெழுத்து வாங்கினேன், கூட்டம் நடக்கவில்லை, பிறகு நானே எழுதினேன் என்று ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். அங்கே போய்விட்டால் எனக்குத் தட்டாஞ்சாவடிக் கம்பெனியிலிருந்து பை தைக்கத் துணி யாரும் கொண்டுவந்து கொடுக்க மாட்டார்கள். என் வாழ்க்கை அத்தோடு சரி.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தப் பக்கத்தை எழுதும்போது உங்கள் கை நடுங்கியதா?

ஜீனத்துன்னிசா

•

பிளாக் 2, எண் 3, தரைத் தளம்,
9 பிப்ரவரி 2025

ஜீனத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எடுத்த எடுப்பிலேயே தரைத் தளம் என்று குத்தியிருக்கிறாய். குத்து. உன் அண்ணிக்குப் பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்து மூன்று வருஷம் ஆகிறது. போன நவம்பர் கடைசியில் அடித்த புயலை நீ மறந்திருக்க மாட்டாய். வாய்க்கால் தண்ணீர் வீட்டுக்குள் இடுப்புக்கு வந்தது. அவளைக் கட்டிலோடு தூக்கினோம். கட்டிலின் ஒரு காலை நீதான் பிடித்தாய். அதற்காகச் சாகும்வரைக்கும் உன்னை நினைத்திருப்பேன். ஆனால் அடுத்த புயலிலும் அவளைக் கட்டிலோடு தூக்க என்னால் ஆகாது. எனக்கு அறுபத்தேழு.

மேற்படி பொதுக்கூட்டம் நடக்கவில்லை என்கிறாய். ஒத்துக்கொள்கிறேன். கடைசியாக நடந்த கூட்டம் எது என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. டிசம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. புயல் முடிந்து இரண்டு வாரம். இங்கேயே இருப்பதா, போவதா, இருந்தால் வாய்க்காலுக்குக் கரை கட்டச் சொல்லி யாரிடம் போவது என்று பேசக் கூப்பிட்டேன். அறுபத்துமூன்று வீட்டு வாசலிலும் நானே போய் நின்றேன், என் முட்டி வலியோடு. ஏழு பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர் நிவாரணம் எப்போது தருவார்கள் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கண்ணையன் செல்போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். நீ வரவில்லை. ஆர்டர் அவசரம் என்று மரீஹாவை அனுப்பினாய். அது கால்மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, "அம்மா தேடுவாங்க பெரியப்பா" என்று எழுந்து போனது.

பொங்கலுக்குள் தீர்மானம் வராவிட்டால் அந்த வீடுகளை வேறு ஜனங்களுக்குக் கொடுத்துவிடுவோம் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அறுபத்துமூன்று வீட்டைக் கூப்பிட்டு ஏழு பேர் வந்தால், மீதி வீட்டுக்கு யார் முடிவு செய்வது? நான் செய்தேன். மில் சங்கத்தில் பதினெட்டு வருஷம் இருந்தவன் நான். மில் கேட்டுக்கு முன்னால் ஆயிரம் பேர் நின்ற கூட்டமும் பார்த்திருக்கிறேன், மில்லை மூடின அன்றைக்கு நாலு பேர் நின்றதையும் பார்த்திருக்கிறேன். எந்த ஊரில் கூட்டம் வரவில்லையோ அந்த ஊரில் எவனோ ஒருத்தன் எழுதத்தான் செய்வான். வேறு எவனோ எழுதுவதைவிட நான் எழுதினால் நல்லது என்று நினைத்தேன். வர ஆசைப்படுகிறவர்களும் பாவுமேட்டில் இருக்கிறார்கள், அது உனக்கும் தெரியும்.

நீ கேட்கிறபடி எழுதிக் கொடுத்தால் என் பேரில் கேஸ் வரும். இந்த வீட்டின் சாவியைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். உன் அண்ணியை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன் என்று நீயே சொல்.

கை நடுங்கியதா என்று கேட்டிருக்கிறாய். அதற்குப் பதில் எழுத மாட்டேன்.

அரிகிருஷ்ணன்

•

பாவுமேடு,
13 பிப்ரவரி 2025

அண்ணனுக்கு,

ஏழு பேர் வந்தார்களாம். அதைச் சொல்லிக் காட்டத் தெரிந்த உங்களுக்கு, அறுபத்துமூன்று எப்படி ஏழானது என்று மட்டும் தெரியாமல் போய்விட்டது. நான் சொல்கிறேன், கேளுங்கள்.

நான் கல்யாணமாகிப் பாவுமேட்டுக்கு வந்த வருஷம். பொதுக்குழாய் ஒன்று தருகிறோம், எங்கே வேண்டும் என்று கேட்டார்கள். கூட்டம் போட்டீர்கள். "மேல்முனைன்னு சொல்றவங்க கை தூக்குங்க" என்றீர்கள். ஆம்பிளைகள் தூக்கினார்கள். மாமனார், கொழுந்தனார் எதிரில் கை தூக்கக் கூச்சப்பட்டுக்கொண்டு நாங்கள் சும்மா நின்றோம். ஆதிலட்சுமி அக்காதான் விறுவிறுவென்று வீட்டுக்குப் போய்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, நடுத்தெருவில் நங்கென்று வைத்தது. "தண்ணி தூக்கப்போறவ நானு. இங்கதான் வேணும். எவன் கையத் தூக்குனா எனக்கென்னா?" என்றது. பின்னாலேயே எல்லாப் பெண்களும் போய்க் குடத்தைக் கொண்டுவந்து வரிசையாக வைத்தோம். குழாய் நடுத்தெருவில்தான் வந்தது.

அன்றிலிருந்து வீட்டுக்கு ஒரு குடம். சரி என்றால் நிமிர்த்தி வை, வேண்டாம் என்றால் கவிழ்த்து வை. நீங்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எண்ணிக்கொண்டே வருவீர்கள். கழிப்பறை எந்தப் பக்கம் என்பதற்குக் குடம் வைத்தோம். வாய்க்கால் முனையில் சாராயக்கடை வருகிறது என்றபோது நாற்பத்தெட்டுக் குடம் கவிழ்ந்தது, கடை வரவில்லை. கவிழ்த்தவள் எவள் என்று எல்லோருக்கும் தெரியும், சண்டை வரும், மறுநாள் அதே குழாயில் தண்ணீர் பிடிப்போம்.

பிறகு திட்டம் என்று ஒன்று வந்தது. "குடத்தை ஃபைல்ல வைக்க முடியாது, கையெழுத்து வேணும்" என்றார்கள். நோட்டு வாங்கினீர்கள். அறுபத்துமூன்று பேரோடு பேச நேரமில்லை, ஐந்து பேர் கமிட்டி போடுங்கள் என்றார்கள். போட்டோம். அப்புறம் ஐந்து பேரும் எதற்கு, செயலாளர் வந்தால் போதும் என்றார்கள். நீங்களும் போனீர்கள். நகராட்சிக்கு ஒரு கவுன்சிலர் இருந்தவரைக்கும் அவர் வாசலிலாவது போய்க் கத்தலாம். அந்த எலக்‌ஷன் நடந்தே பத்தொன்பது வருஷம் ஆகிறது. மரீஹாவுக்குக் கவுன்சிலர் என்றால் என்னவென்றே தெரியாது.

கடைசியில் கூட்டம் என்றால் நீங்கள் எழுதிக் கொண்டுவந்ததைப் படிப்பது என்று ஆகிவிட்டது. ஏற்கெனவே எழுதினதைக் கேட்க எவள் அடுப்பை அணைத்துவிட்டு வருவாள்? கேட்டுக் கேட்டுச் செய்த காலத்தில் அறுபத்துமூன்று குடமும் வந்தது. நீங்கள் கேட்பதை நிறுத்தினீர்கள், நாங்கள் வருவதை நிறுத்தினோம். எது முதலில் என்று நீங்களே உட்கார்ந்து யோசியுங்கள், அங்கேதான் நிறைய நேரம் இருக்குமே.

எழுதினால் கேஸ் வரும் என்று பயப்படுகிறீர்கள். சரி, எழுத வேண்டாம். இத்தோடு ஒரு வெள்ளைத்தாள் வைத்திருக்கிறேன். கையெழுத்து மட்டும் போட்டு அனுப்புங்கள். மேலே என்ன எழுதுவது என்று நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். சும்மா சும்மா உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன்.

ஜீனத்

•

பிளாக் 2, எண் 3,
19 பிப்ரவரி 2025

ஜீனத்துக்கு,

உன் வெள்ளைத்தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மேலே என்ன எழுதப்போகிறார்கள் என்று தெரியாமல் எவனாவது கையெழுத்துப் போடுவானா? நான் என்ன அவ்வளவு கேனையனா?

எழுதிவிட்டு இந்த வரியைத் திரும்பப் படித்தேன். நீ என்ன சொல்வாய் என்று தெரிகிறது. சொல்லிக்கொள்.

ஆனால் நீ கணக்காகக் குடத்தில் ஆரம்பித்து நோட்டில் முடித்திருக்கிறாய். நடுவில் ஒன்றை விட்டுவிட்டாய். வசதியாக விட்டாயோ, மறந்துதான் விட்டாயோ எனக்குத் தெரியாது. 2017, ஜூன் மாதம். உன் வீட்டுக்காரர் கமருஸ்ஸமானுக்குச் சிறுநீரகத்தில் கல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தாய். கழிப்பறைக்கு மோட்டார் போடுகிற தீர்மானத்துக்கு மறுநாள் கூட்டம். நீ பிளாஸ்கும் கையுமாக ஓடிவந்து, "அண்ணே, நாளைக்கு நான் இருக்க மாட்டேன். கையெழுத்த இப்பவே போட்டுட்டுப் போறேன், நீங்க அப்புறமா எழுதிக்குங்க" என்றாய். நான் கூடாது என்றேன். "உங்க மேல நம்பிக்கை இல்லாமயா?" என்று கேட்டாய். அந்த நோட்டில் காலிப் பக்கத்தில் விழுந்த முதல் கையெழுத்து உன்னுடையதுதான் ஜீனத்.

அதைப் பார்த்துவிட்டுக் கண்ணையன், "எனக்கும் வெடிகாலையில ஹார்பர் போவணும்" என்று போட்டான். அப்புறம் தட்டாஞ்சாவடி ஷிப்ட்காரர்கள் போட்டார்கள். அடுத்த வருஷம் கூட்டத்துக்கு வர முடிகிறவர்களும் போட்டுவிட்டுப் போனார்கள். "எழுதிக்குங்கண்ணே" என்பதுதான் பாவுமேட்டில் எனக்கு வைத்த பேர். வீட்டுக்கு வீடு அலைந்து நான் பிடுங்கிக்கொண்ட மாதிரி எழுதாதே. கொண்டுவந்து என் மடியில் போட்டீர்கள். எட்டு வருஷம் அந்த நோட்டை வைத்துக்கொண்டு நான் ஒரு தப்பும் செய்யவில்லை. ஒரே ஒரு பக்கம் எழுதினேன், அதுவும் என் புத்திக்கு நல்லது என்று பட்டதை.

இங்கே அவளை வாசலில் வெயிலில் உட்காரவைக்க முடிகிறது.

அரிகிருஷ்ணன்

•

பாவுமேடு,
1 மார்ச் 2025

அண்ணனுக்கு,

இன்றைக்குப் பிறை தெரிந்தால் நாளையிலிருந்து நோன்பு. நோன்பு வைத்துக்கொண்டு உங்களைத் திட்ட முடியாது, அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

பிளாஸ்க் எனக்கு ஞாபகம் இருந்தது. கையெழுத்து ஞாபகம் இல்லை. மரீஹாவின் அத்தாவிடம் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "ஆமா, நீதானே வந்து பெருமையா சொன்ன, வேலைய முடிச்சிட்டு வந்துட்டேன்னு" என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. சரி அண்ணே. முதல் கையெழுத்து என்னுடையது. இதையும் எழுத்தில் தருகிறேன், வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் "உங்க மேல நம்பிக்கை இல்லாமயா" என்று கேட்டவளை வைத்தா நீங்கள் அப்படிச் செய்ய வேண்டும்? நான் போட்டது கழிப்பறை மோட்டாருக்கு. என் வீட்டை இடிக்க இல்லை. கொடுத்தவள் மேல் தப்பு என்றால், வாங்கினவர் சாமியா?

ஆட்சேபணைக்குக் கடைசி நாளை மார்ச் 17க்குத் தள்ளியிருக்கிறார்கள். கலைமகள்தான் ஆன்லைனில் மனு போட்டு வாங்கினாள். காலேஜ் முடித்த பெண், அவளுக்கு அதெல்லாம் தெரிகிறது. இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.

அதே வெள்ளைத்தாளை மறுபடியும் வைத்திருக்கிறேன். ஆனால் இந்த முறை குத்தலுக்காக இல்லை. நான் தனியாக அதில் எதையும் எழுத மாட்டேன். எல்லோரையும் குழாயடிக்குக் கூப்பிட்டு, குடம் வைத்து, என்ன எழுதலாம் என்று அவர்களைக் கேட்டுத்தான் எழுதுவேன். அங்கே வர வேண்டும் என்று நாற்பது குடம் நிமிர்ந்தால் அதையே எழுதுகிறேன், என் குடத்தைக் கவிழ்த்துவிட்டு நானும் மூட்டை கட்டுகிறேன். கேட்டுச் செய்தார்கள் என்றால் எனக்குப் போதும்.

நீங்கள் என்னை நம்பித்தான் போட வேண்டும். எப்படி இருக்கும் என்று நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஜீனத்

•

பிளாக் 2, எண் 3,
9 மார்ச் 2025

ஜீனத்துக்கு,

கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் இங்கே ஒருவர் பேடும் தாளுமாக வந்தார். பராமரிப்புக் குழு அமைக்கிறார்களாம். நான் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வருவதற்குள் பேனாவைக் கையில் திணித்தார். வாங்கிப் பார்த்தேன். மேலே ஒன்றும் இல்லை. கீழே மட்டும் முப்பது கையெழுத்து.

"என்னா எழுதப்போறீங்க?" என்றேன்.

"அதெல்லாம் ஆபீஸ்ல அப்புறம் எழுதிக்குவாங்க பெரியவரே. எல்லாரும் போட்டுட்டாங்க, நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

எழுதிக்கொண்டு வாருங்கள், படித்துவிட்டுப் போடுகிறேன் என்றேன். அவர் என்னை ஒரு பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பின்னால் நின்ற மாடி வீட்டுக்காரி, "போட்டுத் தொலைங்க தாத்தா, தண்ணி மோட்டார் ரிப்பேரா கெடக்கு, உங்களாலதான் லேட்டு" என்றாள். இந்தக் கட்டடத்தில் ஐந்து மாசமாக இருக்கிறவள், அவள் பேர் எனக்குத் தெரியாது. இங்கே யாருக்கும் யார் பேரும் தெரியாது. குழாய் அவரவர் வீட்டுக்குள் இருக்கிறது. மோட்டார் கெட்டால் நாலு மாடிக்கும் வராது, ஆனால் நாலு மாடியும் சேர்ந்து நிற்க ஒரு இடம் கிடையாது.

நான் போட்டேன் ஜீனத். உன்னிடம் மறைக்கவில்லை. அண்ணிக்குக் கழுவிவிடத் தண்ணீர் வேண்டும், போட்டேன். அவர் போனார். பிறகு உள்ளே வந்து உன் தாளை எடுத்தேன்.

தாளின் நடுவில் போட்டிருக்கிறேன், கவனி. மேலே நீங்கள் எழுத இடம், கீழே மற்றவர்கள் போட இடம். நான் ஒருத்தன் சொன்னால் அந்த அலுவலகத்தில் எடுக்க மாட்டார்கள், என்னை மிரட்டி வாங்கினதாகச் சொல்வார்கள். கீழே ஐம்பது பேராவது இருக்க வேண்டும். பழைய செயலாளராகச் சொல்கிறேன், கேட்டுக்கொள். முதலில் எழுது. பிறகு சத்தமாகப் படித்துக் காட்டு. அதற்குப் பிறகுதான் கையெழுத்து. இந்த வரிசை மாறக் கூடாது.

சாவியைக் கேட்டு வந்தால் கொடுத்துவிடுகிறேன். அமிர்தவல்லியிடம் விஷயத்தைச் சொன்னேன். "போடுய்யா, ஜீனத்து நம்ம கட்டலத் தூக்குனவ" என்று மட்டும் சொன்னாள்.

அரிகிருஷ்ணன்

•

பாவுமேடு,
16 மார்ச் 2025, ஞாயிறு, மதியம்

அரி அண்ணனுக்கு,

உங்கள் தாள் வியாழக்கிழமை வந்தது. கையில் வாங்கியபோது எனக்கு அழுகை வந்தது. அண்ணியின் பேச்சைப் படித்துவிட்டு இன்னும் அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது?

அன்றைக்கே ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னேன். ஞாயிறு காலை ஏழு மணிக்குக் குழாயடி, வீட்டுக்கு ஒரு குடம். கலைமகள் அதை வாட்ஸாப் குரூப்பிலும் போட்டாள். நாற்பத்தோரு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். எனக்கு ஒரே சந்தோஷம்.

இன்றைக்கு ஆறரைக்கே போய் என் பச்சைக் குடத்தை வைத்துவிட்டு நின்றேன். ஏழாயிற்று, எட்டாயிற்று. ஆதிலட்சுமி அக்கா மட்டும் தடியை ஊன்றிக்கொண்டு குடத்தோடு வந்தது. எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. அது என் குடத்தை ஓரமாக நகர்த்திவிட்டுத் தண்ணீர் பிடித்தது. "என்னாடி, தண்ணி நிக்கிறதுக்குள்ள புடிக்காம வேடிக்க பாக்கற?" என்றது. அக்கா, ஓட்டுக்கு, என்றேன். "எலெக்‌ஷனா? எப்போ?" என்று கேட்டது. இப்போது பாதி வீட்டில் கேன் தண்ணீர் அண்ணே. சில வீட்டில் குடமே கிடையாது. அது எனக்கு இன்றைக்குத்தான் உறைத்தது.

நாளைக்குக் கடைசி நாள். சரி, அவர்கள் வராவிட்டால் நான் போகிறேன் என்று தாளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஒவ்வொரு வீட்டிலும் கேட்டு, எது அதிகமோ அதை எழுதுவது என்று எண்ணம். முதல் மூன்று வீட்டில் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். நாற்பத்தொன்றாம் பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டு வந்தேன். கண்ணையன் பாதியில், "அக்கா, ஐஸ் வண்டி வந்துடும். எங்க போடணும்னு சொல்லு" என்றான். உனக்கு அங்கே போக இஷ்டமா, இங்கே இருக்க இஷ்டமா, அதைச் சொல்லுடா என்றேன். "நீ பாத்து எழுதிக்கக்கா" என்றான். போட்டுவிட்டுப் போனான்.

நாலாவது வீட்டிலிருந்து நான் பேசவில்லை. தாளை நீட்டிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு நின்றேன். யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், இது என்ன என்று கேட்கட்டும் என்று நின்றேன். கலைமகள், "ஆதார் ஜெராக்ஸ் வேணுமா அத்த?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன், போட்டாள். ஒருத்தி ரேஷனுக்கா என்றாள். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவளே போட்டாள். ஆதிலட்சுமி அக்கா பேனா வேண்டாம் என்று மை கேட்டது, குடத்தைக் கொண்டுவந்து நங்கென்று வைத்த அதே கை, விரலை நீட்டிக்கொண்டு நின்றது. நான் உருட்டி வைத்தேன்.

ஐம்பத்தொரு வீடு. தாளின் கீழ்ப்பாதியும் பின்பக்கமும் நிறைந்துவிட்டது. நடுவில் உங்கள் கையெழுத்து. மேலே காலி.

இவர்களில் எத்தனை பேருக்கு அங்கே வர ஆசை, எத்தனை பேருக்கு இல்லை என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து மிஷினுக்குப் பக்கத்தில் தாளை வைத்தேன். அன்றைக்கு உங்கள் கையில் என்ன இருந்ததோ, அது இன்றைக்கு என் கையில் இருக்கிறது.

எழுதிவிட்டேன் அண்ணே. கலைமகளைக் கேட்டேன், வெறும் கடிதமாக இருந்தால் எடுக்க மாட்டார்கள், சங்கத் தீர்மானமாக இருந்தால்தான் பதிவு செய்வார்கள் என்றாள். அதனால் இப்படி எழுதியிருக்கிறேன்: "16-3-2025 ஞாயிறு காலை பாவுமேடு பொதுக்குழாய் அருகில் கூடிய பொதுக்கூட்டத்தில், 12-1-2025 அன்று பொதுக்கூட்டம் ஏதும் நடைபெறவில்லை என்றும், மேற்படி பக்கம் காலியாக இருந்தபோது கையெழுத்து பெறப்பட்டது என்றும், மாற்று இடம் செல்ல எங்களுக்குச் சம்மதமில்லை என்றும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

கூடிய பொதுக்கூட்டம். ஏகமனதாக. நோன்பு வாயோடு எழுதினேன். படித்துக் காட்டவில்லை, யாருக்கும். நாளைக்குக் காலையில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். வீடுகள் ஒருவேளை தப்பித்துவிடும்.

உங்கள் சாவியைக் கேட்டார்களானால் அண்ணியை இங்கே கொண்டுவந்துவிடுங்கள். கட்டிலின் ஒரு காலை நான் பிடிக்கிறேன்.

அந்தப் பக்கத்தை எழுதும்போது கை நடுங்கியதா என்று உங்களை முதல் கடிதத்தில் கேட்டிருந்தேன். நீங்கள் பதில் எழுதவில்லை. இனி எழுத வேண்டாம். என் கை நடுங்கவில்லை.

ஜீனத்துன்னிசா